கம்பியை அழுத்தாத கை

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது. - மலர்க் குழு)

 

மதியச் சாப்பாடு முடிந்து, பாயசமும் இறங்கிய பிறகு பேசுவதற்கு என்னை அழைத்திருக்கிறார்கள். முன் வரிசையில் இரண்டு பேர் இப்பொழுதே கண்ணை மூடிவிட்டார்கள். பாதகமில்லை. இன்றைக்கு நான் பேசப்போவது கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டிய விஷயம்தான்.

"உத்தியோகத்தைப் பற்றிப் பேசாதே, உனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசு" என்று விழாக்குழுவினர் சொன்னார்கள். என் உத்தியோகம் கார்களில் வரும் சத்தத்தையும் அதிர்வையும் அளந்து குறைப்பது. அதாவது சத்தத்தைக் குறைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு சத்தத்தின்மேல் ஆசைப்பட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டால் வாசிக்கிற கிட்டார். லாப் ஸ்டீல் என்பார்கள். நம் ஊரில் ஹவாயன் கிட்டார் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். அதில் ப்ளூஸ் பாணியில் உருகி உருகி வாசிப்பதை எப்படிக் கேட்பது, அதன் நாதத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் தலைப்பு. இந்தத் தலைப்பை எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது ஒரு பழைய கடன். கடைசியில் சொல்கிறேன்.

நம் ஹாஸ்டலில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்ப் பெயர்தான். என்னை மூன்றாம் மாடி முழுக்க "மாகறல்" என்றுதான் கூப்பிடுவார்கள். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் உள்ள ஊர். திருஞானசம்பந்தர் பாடிய தலம். பொன் உடும்பைத் துரத்திக்கொண்டு வந்த அரசனுக்குச் சிவபெருமான் புற்றிலிருந்து காட்சி கொடுத்தார் என்பது தலபுராணம். லிங்கமும் உடும்பின் வால் போலத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு தறி. அப்பா பட்டு நெய்தார். அந்தத் தறிச் சத்தத்தில்தான் நான் கணக்குப் போட்டேன்.

என் அறைத் தோழனின் பெயர் "அரக்கோணம்". அவனுடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும், கல்யாண வீடுகளிலும் ஹவாயன் கிட்டார் வாசிப்பார். அவர் வாசித்த பழைய மரக் கிட்டாரைத்தான் இவன் ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்தான். முதல் பார்வையில் அது சாதாரண கிட்டார்தான். தலைப்பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்துக் கம்பிகளைத் தூக்கிவிட்டிருப்பார்கள். கட்டைமேல் கம்பி படவே படாது. இடது கையில் விரல் கனத்துக்கு ஓர் இரும்பு உருளை. வலது கை விரல்களில் நெளிகள். கிட்டாரை மடியில் கிடத்தி, உருளையைக் கம்பியின் மேல் வைத்து, அழுத்தாமல் நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் கருவி. ஆனால் அந்த "அழுத்தாமல்" என்ற ஒரு வார்த்தைக்குள்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். ஹவாய்த் தீவுகளில் ஓஆஹூ என்ற தீவைச் சேர்ந்த ஜோசப் கெகூகூ என்ற இளைஞர் 1880களின் இறுதியில் இந்த முறையைக் கண்டு வளர்த்தார் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ரயில் தண்டவாளத்தில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துக் கம்பியில் உரசிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஹவாய் இசைக்காரர்கள் வாசித்ததும் அமெரிக்கா முழுவதும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. 

இன்னொரு பக்கம், மிசிசிப்பிப் பகுதியில் பருத்தி வயல்களில் பாடுபட்ட கறுப்பின மக்களிடமும் இதே போன்ற வழக்கம் இருந்தது. ஏறத்தாழ 1903இல் டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில், வண்டிக்குக் காத்திருந்த டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்காரர், கந்தல் உடையோடு இருந்த ஒருவர் கத்தியைக் கிட்டார் கம்பியில் தேய்த்துக்கொண்டே பாடியதைக் கேட்டிருக்கிறார். பிற்பாடு தன் சுயசரிதையில் அதை மறக்காமல் எழுதி வைத்தார். ஹவாயில் இரும்பு, மிசிசிப்பியில் கத்தி, சில பேர் கையில் உடைந்த பாட்டில் கழுத்து. இவை சந்தித்துக் கலந்ததுதான் நான் பேசுகிற இசை.

நம்மவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இது நம்மகிட்ட இல்லையா?" இருக்கிறது ஐயா, தாராளமாக இருக்கிறது. கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணை அதேதான். மெட்டு கிடையாது. கருங்காலிக் கட்டை போன்ற ஓர் உருளையைத் தந்திமேல் நகர்த்தி வாசிப்பது. திருவிடைமருதூர் சகாராம ராவ், மைசூர் சமஸ்தான வித்வானாக இருந்த நாராயண ஐயங்கார், கலாக்ஷேத்திரத்தில் ஆசிரியராக இருந்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் என்று மகா வித்வான்கள் அதைக் கையாண்டார்கள். இன்னும் பின்னால் போனால், 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்திலேயே ஒற்றைத் தந்தி வீணையை மூங்கில் துண்டால் வாசிப்பது சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே, அரக்கோணம் மடியில் வைத்திருந்தது அந்நியப் பொருள் என்று நாம் முகம் சுளிக்க ஒரு நியாயமும் இல்லை. இது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு தவறு செய்திருக்க மாட்டேன்.

2008இல் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அவனை அழைத்துப் போனேன். கிட்டாரையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தான். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார். அன்று ராத்திரி கோயிலில் ஓதுவார் சம்பந்தரின் மாகறல் பதிகத்தைப் பாடினார். மூன்றாம் திருமுறையில் வருவது, பண் சாதாரி. கர்நாடக சங்கீதக்காரர்கள் பந்துவராளி என்று சொல்கிற ராகச் சாயலில் அதைப் பாடுவார்கள். அரக்கோணத்துக்கு பண்ணும் தெரியாது, ராகமும் தெரியாது. தூணில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் அப்பா தறியில் இருந்தார். நான் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது தறிச் சத்தம் இல்லை. எங்கள் வீட்டில் பகலில் தறிச் சத்தம் நின்றால் ஒன்று பாவு அறுந்திருக்க வேண்டும், அல்லது யாராவது செத்திருக்க வேண்டும். ஓடி வந்து பார்த்தால், அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டபடி நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு திண்ணையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திண்ணையில் இவன். ராத்திரி ஓதுவார் பாடியதை இரும்பால் தேடிக்கொண்டிருக்கிறான். 

"என்னா தம்பி, இது நேத்து கோயில்ல பாடினதாச்சே?" என்றார் அப்பா.

"ஆமாம்பா, சும்மா பாக்கறேன். சரியா வரல."

"வருதே. பாட்டு இல்ல, ஆனா வார்த்தை கேக்குது." கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "கம்பிய அமுக்கவே இல்லியே! தடவிக்கினு போற. பட்டு நூல தொடற மாதிரி தொடறப்பா."

அப்பாவுக்கு ஒரு பழக்கம். பாவு ஏற்றியதும் புறங்கையால் இழைகளை ஒருமுறை தடவிப் பார்ப்பார். எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே இழுப்பு அதிகம் என்று கைக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவனுடைய இரும்பையும் அப்படித்தான் புரிந்துகொண்டார். அப்புறம் இவன் தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்த ஒரு பழைய அமெரிக்க இசையைத் தானே வாசித்துக் காட்டினான். அதைப் பற்றித்தான் இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

பிளைண்ட் வில்லி ஜான்சன் என்று ஒருவர். டெக்சாஸ்காரர், கண் பார்வை இல்லாதவர், தெருவில் நின்று தேவன் பாட்டுப் பாடிப் பிழைத்தவர். 1927 டிசம்பர் 3ஆம் தேதி டல்லாஸ் நகரில் ஒரு ரெக்கார்டு கொடுத்தார். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். அதில் பாட்டு வரி ஒன்றுகூடக் கிடையாது. கிட்டாரில் இரும்பு ஒரு சுரத்தை நோக்கிப் போகும், அவர் தொண்டைக்குள்ளேயே முனகுவார். எது தொண்டை, எது கம்பி என்று சில இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் மனிதகுலத்தின் குரலாக ஒரு தங்கத் தட்டு வைத்து அனுப்பினார்களே, அதில் இந்த ரெக்கார்டும் இருக்கிறது. அதே தட்டில் நம் கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. தெருவில் பாடிய ஒரு குருடரின் முனகல் சூரிய மண்டலத்தின் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, அந்த நாதத்தில் அப்படி என்ன? ஓர் எஞ்சினியராக, எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன்.

சாதாரண கிட்டாரில் மெட்டுகள் இருக்கின்றன. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படி கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கே விரல் வைத்தாலும் அந்தப் படியில்தான் நிற்பீர்கள். படிக்கட்டில் விழ மாட்டீர்கள், ஆனால் இரண்டு படிக்கு நடுவில் நிற்கவும் முடியாது. ஸ்டீலில் படி கிடையாது, சரிவுதான். ப்ளூஸில் உயிரான காந்தாரம் சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. நம் தோடியின் காந்தாரத்தை ஹார்மோனியத்தில் பிடிக்க முடியாது என்று பெரியவர்கள் சண்டை போட்டார்களே, ஏறக்குறைய அதே வழக்குதான்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. ஒரு லாப் ஸ்டீலில் கம்பியின் நீளம் சுமார் 57 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பக்கத்தில் ஓர் அரைச் சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 3 சென்டிமீட்டருக்கு மேல். மேல் ஸ்தாயிக்குப் போனால் அதே இடைவெளி 1.6 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அங்கே ஒரு மில்லிமீட்டர் தப்பினால் அரைச் சுரத்தில் பதினாறில் ஒரு பங்கு தப்பும். கேட்கிறவன் முகம் சுளிக்க அதில் பாதியே போதும் என்று சில நல்ல காதுகள் சொல்லும். ஆகவே வாசிக்கிறவன் கட்டையில் வரைந்த கோட்டை நம்ப முடியாது, காதைத்தான் நம்ப வேண்டும். எங்கள் தொழிலில் இதை "ஓப்பன் லூப்பில் ஓட்டாதே, ஃபீட்பேக் வை" என்போம். கை நகர்கிறது, காது கேட்கிறது, கை திருத்துகிறது. அந்தத் திருத்தம் நடக்கிற கால் நொடிதான் நம்மை உருக்குகிறது என்பது என் கட்சி. ஒரு மனிதன் சரியான இடத்தைத் தேடுவது நமக்குக் காதில் கேட்கிறது. பியானோவில் அந்தத் தேடல் கேட்காது.

எப்படிக் கேட்பது? நான் மூன்று விஷயங்களைக் கவனிப்பேன்.

முதலாவது, சுரம் எப்படி வந்து சேர்கிறது. நல்ல வாசிப்பில் இரும்பு பெரும்பாலும் கீழேயிருந்து மெதுவாக ஏறி வரும். வந்து சேர்வதற்கு ஒரு மயிரிழை முன்னால் தயங்கும். பரபரவென்று எல்லாச் சுரத்துக்கும் வழுக்கிக்கொண்டே போகிறவன் வாசிப்பு, பேச்சில் எல்லா வார்த்தையையும் இழுத்துப் பேசுகிறவன் மாதிரி. பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். 

இரண்டாவது, நடுக்கம். இரும்பை முன்னும் பின்னும் லேசாக அசைத்தால் சுரம் நடுங்கும். கற்றுக்குட்டி முதல் நொடியிலிருந்தே ஆட்டுவான், இடம் தப்பியதை மறைப்பதற்கு. தேர்ந்தவன் முதலில் சுரத்தில் அசையாமல் நிற்பான். நின்று நிலைத்த பிறகுதான் நடுக்கம் வரும், அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவன் குரல் கடைசியில் உடைகிற மாதிரி. 

மூன்றாவது, மௌனம். இரும்புக்குப் பின்னால் இடது கையின் மீதி விரல்கள் கம்பிமேல் படுத்திருக்கும். தேவையில்லாத கிறீச்சையெல்லாம் அவை அடக்கும். ஒரு வாக்கியம் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்காமல் விடுகிற அந்த இடைவெளியில்தான் நாம் போய் உட்கார இடம் கிடைக்கிறது.

நாதம் என்று எடுத்துக்கொண்டால் இன்னும் சில நுணுக்கங்கள். இரும்பு கனமாக இருக்க வேண்டும். இலேசான துண்டு கம்பியில் துள்ளும், சத்தம் சீக்கிரம் செத்துப்போகும். கம்பியை எங்கே மீட்டுகிறோம் என்பதும் முக்கியம். பாலத்துக்குப் பக்கத்தில் மீட்டினால் கூர்மையாக, தகரம் மாதிரி வரும். உள்ளே தள்ளி மீட்டினால் மேல் ஒலிகள் குறைந்து, உருண்டையாக, கிட்டத்தட்ட மனிதக் குரல் போல வரும். கம்பியின் சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படை மேல் ஒலிகளே பிறக்காது என்று பிஸிக்ஸில் படித்தோமே, அதுதான் இது. நம்ம பிஸிக்ஸ் சார் இங்கேதான் இருக்கிறார். சார், அன்றைக்குப் புரியாதது இப்போது புரிந்தது.

மின்சாரமும் இதில் முக்கியப் பாத்திரம். எலெக்ட்ரிக் கிட்டார் என்றதும் நமக்கு நின்றுகொண்டு தலையை ஆட்டுகிற ராக் பாடகர் ஞாபகம் வரும். ஆனால் கடைக்கு வந்து விற்பனையான முதல் எலெக்ட்ரிக் கிட்டார்களில் ஒன்று மடியில் வைக்கிற ஸ்டீல்தான். அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைக்க, 1932இல் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் விற்றார்கள். அலுமினியத்தில் வார்த்த வட்ட உடம்பு, நீளக் கழுத்து. பார்ப்பதற்கு அப்படியே வாணலி, பெயரும் வறுக்கும் சட்டிதான்! காப்புரிமை 1937இல் கிடைத்தது. மேடை விளக்குச் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்ததாம். மெட்டீரியல் தேர்வில் கோட்டை விட்ட முதல் எஞ்சினியர்கள் நாமல்ல என்று ஓர் ஆறுதல்.

வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் அதிகமாக முடுக்கினால், அது அலையின் உச்சியை வெட்டாமல் மழுக்கும். பெரிய சத்தம் அடங்கும், அடங்க வேண்டிய சத்தம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். தொண்டை கட்டிய குரலில் ஒரு கரகரப்பு வருமே, அது வரும். ஹூஸ்டனின் ஹாப் வில்சன், தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசித்த சன்னி ரோட்ஸ், 2022இல் மறைந்த ஃப்ரெடி ரூலெட் ஆகியோரைக் கேட்டால் தெரியும். அமெரிக்காவில் ஹவுஸ் ஆஃப் காட் என்ற கறுப்பின சபையில் 1930களிலிருந்து ஆராதனைக்கே இந்தக் கருவிதான். அங்கே ஆர்கன் வாசிக்க வேண்டிய இடத்தில் ஸ்டீல் அழுகிறது, கூத்தாடுகிறது. 

இந்தியாவில் ஹவாய்க்காரரான டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். ராஜஸ்தானத்துப் பிரிஜ் பூஷண் காப்ரா இதில் இந்துஸ்தானி ராகங்களையே வாசித்து நிலைநிறுத்தினார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு இன்றும் விற்கிறது. விஸ்வ மோகன் பட் தன் மோகன வீணையோடு, அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடருடன் 1992இல் கலிபோர்னியாவின் ஒரு தேவாலயத்தில் உட்கார்ந்தார். அன்றுதான் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள், ஒத்திகை கிடையாது. அந்த ஒலிப்பதிவு 1993இல் வெளியாகி 1994இல் கிராமி பரிசு பெற்றது. ஒருவர் ராகத்தில் நிற்கிறார், மற்றவர் ப்ளூஸில் நிற்கிறார். இரண்டு பேர் கையிலும் கம்பிமேல் நகர்கிற ஒரு துண்டு. இருவரும் ஒருவர் வழுக்குவதற்கு மற்றவர் இடம் விட்டு வாசித்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் தேடிக் கேளுங்கள்.

இப்போது கடனுக்கு வருகிறேன்.

2009இல் கல்லூரி விழாவுக்கு நான்தான் கலை நிகழ்ச்சிச் செயலாளர். பெரிய பதவி என்று நினைப்பு. கையில் ஒரு பட்டியல், கழுத்தில் ஒரு அட்டை. அரக்கோணத்துக்கு 7 நிமிடம் கொடுத்திருந்தேன். தன் அப்பா அம்மாவை வரச் சொல்லியிருந்தான். கடைசி ஒத்திகையில் அவன் வாசிக்க ஆரம்பித்தான். மாகறல் திண்ணையில் வாசித்த அதே வில்லி ஜான்சன். அரை நிமிடம்தான் போயிருக்கும், பின்னாலிருந்து ஒரு குரல்: "என்னடா, எழவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கு!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். பட்டியலை எடுத்துப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். "மச்சான், தப்பா நினைச்சிக்காத. விசில் வர்ற மாதிரி ஏதாவது வேணும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவன் கோபப்படவில்லை. "சரிடா" என்றான். நெளிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிட்டாரை எடுத்துப் போனான். அவன் அப்பா விழாவுக்கு வந்தார். இரண்டாவது வரிசையில் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். மகன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். அதற்குப் பிறகு அறையில் அவன் கிட்டாரைத் தொட்டு நான் பார்க்கவில்லை. அடுத்த வருடம் நான் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. 

படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டோம். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா ஒரு கேள்வி கேட்பார். "அந்த அரக்கோணத்துத் தம்பி இன்னும் வாசிக்கறாராடா?" நானும் ஒவ்வொரு தடவையும், "வாசிக்கிறான்பா" என்பேன். ஒரு தடவை, "ஒருநாள் கூட்டிக்கினு வாயேன், கேக்கணும் போல கீது" என்றார். "கூட்டிட்டு வரேன்பா" என்றேன். 2021இல் அப்பா காலமானார். தறி நின்றது. அந்த வீட்டின் அமைதியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பா தறியை நிறுத்தி ஒரே ஒரு இசையைத்தான் கேட்டார். அதை வாசித்தவனை நிறுத்தியவன் நான்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவனுக்குப் போன் செய்தேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு. அப்பா கேட்டுக்கொண்டே இருந்ததைச் சொன்னேன், நான் பொய் சொல்லிக்கொண்டே இருந்ததையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் "கிட்டார் பரண்ல இருக்குடா. கம்பியெல்லாம் துரு" என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான். மன்னித்தானா இல்லையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் புதுக் கம்பி வாங்க எந்த அளவு நல்லது என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். என்னிடம் கேட்கத் தேவையே இல்லை, அவனுக்குத் தெரியாததா? அதை நான் என் பாக்கியமாக எடுத்துக்கொண்டேன். 

நானும் ஒரு பழைய லாப் ஸ்டீல் வாங்கி, ராத்திரியில் பிள்ளைகள் தூங்கிய பிறகு முயன்று பார்க்கிறேன். சத்தத்தை அளக்கத் தெரிந்தவனுக்குச் சத்தம் எழுப்பத் தெரியவில்லை. இரும்பை அழுத்திவிடுகிறேன். அழுத்தினால் கம்பி கட்டையில் இடித்துக் கடகடவென்கிறது. அரக்கோணம் போனில் சொல்கிறான்: "டேய், நீ அதைப் பிடிச்சு வைக்கப் பாக்கற. வெறுமனே மேல வை." அன்றைக்கு அப்பா குனிந்து பார்த்துச் சொன்னதும் அதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

நண்பர்களே, நம்மில் பலர் பெரிய பெரிய பதவிகளில் இருக்கிறோம். பட்டியல் நம் கையில் இருக்கிறது. யாருக்கு எத்தனை நிமிடம், யாரை வெட்டலாம் என்று தினமும் பேனாவால் கோடு போடுகிறோம். விசில் வராத ஒன்றை வெட்டுவது சுலபம். நான் அறிவுரை சொல்ல வரவில்லை, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. நான் போட்ட ஒரு கோட்டைப் பற்றி மட்டும், அது போடப்பட்ட இதே அரங்கத்தில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. 

விழாக்குழுவினர் எனக்கு 25 நிமிடம் கொடுத்தார்கள். 18 நிமிடத்தில் முடிக்கிறேன். மீதி 7 நிமிடம் என்னுடையது அல்ல. அரக்கோணம் வந்திருக்கிறான். அவன் அப்பாவும் வந்திருக்கிறார், இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதே மரக் கிட்டார், புதுக் கம்பி. மின்விசிறிகளை மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். முடிந்தவுடன் கை தட்டிவிடாதீர்கள். கடைசிச் சுரம் கம்பியில் தேய்ந்து, முழுதாக அடங்குகிற வரைக்கும் காத்திருங்கள். நல்ல ஸ்டீல் வாசிப்பில் அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

மச்சான், மேலே வாடா.

(நண்பர் வாசித்தது 7 நிமிடத்துக்கு மேல் நீண்டது. நிகழ்ச்சி நிரலில் அடுத்திருந்த வினாடி வினா அன்று நடைபெறவில்லை. - மலர்க் குழு)